உங்கள் வகுப்பை யார் பார்ப்பார்கள்? ஆங்கில ஆசிரியர் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது பற்றி

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு அம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியராக விரும்பும் ஒருவர் பயிற்சித் திட்டங்களைத் தேடத் தொடங்கினால், ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் இணையப் படிப்பும் இரண்டு ஆண்டு நீளும் முதுகலைப் பட்டமும் ஏறக்குறைய ஒரே சொற்களால் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதைக் காண்பார். எல்லாமே உலகத் தரம் வாய்ந்தவை, எல்லாமே அங்கீகாரம் பெற்றவை, எல்லாமே வேலைக்கு வழிகாட்டுபவை. கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, குறைந்த கட்டணத்தில் எது விடுபட்டுப் போகிறது, அதிகக் கட்டணம் எதற்குப் போய்ச் சேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் எடுக்கும் முடிவு, பணத்தோடு சேர்த்து ஆசிரியப் பணியின் முதல் ஆண்டையும் வீணாக்கிவிடக் கூடும்.

திட்டங்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கட்டணம், கால அளவு, சான்றிதழின் பெயர் ஆகிய மூன்றையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உண்மையாகவே ஆங்கிலம் கற்க வந்திருக்கும் மாணவர்களுக்கு முன்னால் நான் எத்தனை மணி நேரம் நின்று கற்பிப்பேன், அதை அனுபவமுள்ள ஒருவர் உடனிருந்து பார்த்து என்னிடம் பேசுவாரா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் தராத திட்டத்தின் மற்றச் சிறப்புகளை ஆராய்வதில் பெரிய பயன் இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பெயர்களும் அவற்றின் பின்னணியும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். டெஃப்ல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல்), டெஸால் (பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பித்தல்) என்பவை இத்துறையின் பெயர்களே தவிர, குறிப்பிட்ட தகுதி எதன் பெயரும் அல்ல. அந்தச் சொற்கள் யாருக்கும் உரிமையானவை அல்ல என்பதால், எந்த நிறுவனமும் தான் தரும் தாளில் அவற்றை அச்சிட்டுக்கொள்ளலாம். டெஸால் என்ற பெயரில் 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தொழில்முறை ஆசிரியர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆனால், அப்பெயரைத் தாங்கி வரும் சான்றிதழ்களில் பெரும்பாலானவை அச்சங்கம் வழங்குபவையோ சோதித்துப் பார்த்தவையோ அல்ல. எனவே, ‘என்னிடம் டெஃப்ல் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அவர் நான்கு வாரம் காலை முதல் இரவு வரை உழைத்திருக்கலாம். சில மாலை நேரங்களில் திரையைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் குறித்திருக்கவும் கூடும்.

இத்துறையில் குறுகிய காலப் பயிற்சி எப்படி உருவாயிற்று என்பதை அறிந்தால் எது அதன் உயிர்நாடி என்பதும் தெரியவரும். ஜான் ஹேகிராஃப்டும் அவருடைய மனைவி பிரிட்டாவும் 1953இல் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் ஒரு மொழிப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் லண்டனுக்கு வந்து இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற பள்ளியை நடத்தினார்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்த எவரையும் வகுப்புக்குள் அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது. தங்கள் பள்ளிக்குத் தேவையான ஆசிரியர்களைத் தாங்களே உருவாக்கிக்கொள்வதற்காக 1962இல் அவர்கள் ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கினார்கள். கோட்பாட்டு விரிவுரைகளை நடத்தி முடித்த பிறகு என்றாவது ஒருநாள் வகுப்பறைக்கு அனுப்புவது என்ற வழக்கமான வரிசையை விட்டுவிட்டு, பயிற்சி பெறுகிறவரைத் தொடக்கத்திலேயே மாணவர்கள் முன் நிறுத்துவது அதன் அடிப்படையாக இருந்தது. அந்த வார்ப்பு ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைப்பின் சான்றிதழாக மாறி, 1980களின் இறுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு அமைப்பிடம் போய்ச் சேர்ந்து, 1990களில் செல்டா என்ற பெயரைப் பெற்றது.

இன்று உலக அளவில் வேலை தருவோர் பெயர் சொல்லிக் கேட்கும் தொடக்க நிலைச் சான்றிதழ்களில் முன்னிற்பவை இரண்டு. ஒன்று கேம்பிரிட்ஜின் செல்டா. மற்றொன்று லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டெஸால். இரண்டிலும் பயிற்சி மையம் வேறு, சான்றிதழ் வழங்கும் அமைப்பு வேறு. பயிற்சி ஓர் ஊரிலுள்ள மொழிப் பள்ளியிலோ கல்லூரியிலோ நடக்கும். ஒவ்வொரு குழுவின் பயிற்சியையும் மதிப்பெண்களையும் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். செல்டாவில் ஏறத்தாழ 120 மணி நேரம் பயிற்றுநரோடு நேரடித் தொடர்பு, ஆறு மணி நேரம் மதிப்பிடப்படும் கற்பித்தல், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை ஆறு மணி நேரம் கவனித்தல், நான்கு எழுத்துப் பணிகள் என்ற அமைப்பு உண்டு. குறைந்தது இரண்டு வெவ்வேறு மொழித்திறன் நிலைகளில் உள்ள மாணவர்களுக்குக் கற்பித்தாக வேண்டும். டிரினிட்டியின் சான்றிதழிலும் ஆறு மணி நேர மேற்பார்வைக் கற்பித்தல் கட்டாயம்.

டிரினிட்டி திட்டத்தில் தனித்துக் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி இருக்கிறது. பயிற்சி பெறுகிறவர்கள் தங்களுக்குச் சிறிதும் தெரியாத ஒரு மொழியை, பெரும்பாலும் அந்த மொழியின் வழியாகவே, நான்கு மணி நேரம் மாணவர்களாக அமர்ந்து கற்க வேண்டும். கற்ற அனுபவத்தைக் குறிப்பேட்டில் எழுதி, தாங்கள் கற்பிக்கும்போது அதை எவ்வாறு பயன்படுத்துவது என்று சிந்திக்க வேண்டும். ஆசிரியர் வேகமாகப் பேசும்போது ஏற்படும் பதற்றமும், ஒரு சொல்லை இரண்டாம் முறை எழுதிக் காட்டும்போது கிடைக்கும் நிம்மதியும், தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சமும் பாடநூலில் படித்து அறியக் கூடியவை அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத்தில் தேறிவிட்டவர்கள் தொடக்க நிலை மாணவரின் நிலையை மறந்துபோயிருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் சில மணி நேரம் பெரிய உதவி. எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

மேற்பார்வையில் கற்பிப்பது என்றால் என்ன

‘கற்பித்தல் பயிற்சி உண்டு’ என்று விளம்பரத்தில் எழுதுவது எளிது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் துருவிப் பார்க்க வேண்டும்.

முறையாக நடத்தப்படும் பயிற்சியில் ஒரு பயிற்றுநரிடம் பொதுவாக ஆறு பேருக்கு மிகாத சிறு குழுவே இருக்கும். கற்பிக்க வேண்டியவர் முதலில் பாடத் திட்டத்தை எழுதுகிறார். அதில் பாடத்தின் நோக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் செலவிடும் நேரம், மாணவர்களுக்கு எங்கே சிக்கல் வரலாம், வந்தால் என்ன செய்வது என்பனவெல்லாம் இருக்க வேண்டும். கற்பிக்கப்போகும் சொல்லையோ இலக்கண அமைப்பையோ பொருள், வடிவம், உச்சரிப்பு ஆகிய மூன்று கோணங்களிலும் முன்கூட்டியே ஆராய்ந்து எழுத வேண்டும். பிறகு நாற்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ வகுப்பு நடத்துகிறார். பயிற்றுநரும் உடன் பயிற்சி பெறுகிறவர்களும் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ‘ஷி லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்ற வாக்கியத்துக்கும் ‘ஷி ஹேஸ் லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்ற வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் கற்பிக்க முயல்கிறார். விதி அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் வாக்கியத்தில் வசித்தல் முடிந்துவிட்டது, இரண்டாவதில் இன்றும் தொடர்கிறது என்று ஏழெட்டு நிமிடம் விளக்குகிறார். இலக்கணப் பெயரையும் பலகையில் எழுதுகிறார். ‘புரிந்ததா?’ என்று கேட்கிறார். எல்லோரும் தலையசைக்கிறார்கள். பயிற்சித்தாளைக் கொடுத்ததும் பாதிப் பேருக்கு மேல் தவறாக எழுதுகிறார்கள். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

பயிற்றுநர் அவரிடம் சொல்வது மிகச் சிறிய விஷயமாக இருக்கும். ‘புரிந்ததா’ என்ற கேள்விக்கு மாணவர்கள் பெரும்பாலும் ‘ஆம்’ என்றே சொல்வார்கள், அதனால் அது எதையும் காட்டாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாக்கியத்தையும் காட்டி, ‘அவர் இப்போதும் இங்கேதான் இருக்கிறாரா?’ என்று கேளுங்கள். பலகையில் ஒரு காலக்கோடு வரைந்து, அந்தப் பத்து ஆண்டுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். இலக்கணப் பெயரைக் கடைசியில் சொன்னால் போதும். அடுத்த வகுப்பில் அவர் அதைச் செய்து பார்க்கிறார். வகுப்பில் நீண்ட மௌனம் நிலவுகிறது, பிறகு ஒரு மாணவர் தயங்கியபடி சரியான பதிலைச் சொல்கிறார், மற்றொருவர் மறுக்கிறார், விவாதம் எழுகிறது. அந்த மறுப்பிலிருந்துதான் யாருக்கு என்ன புரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிகிறது.

செய்து பார்த்தல், பார்த்தவர் சொல்லக் கேட்டல், மறுநாளே திருத்திச் செய்தல் என்ற இந்தச் சுற்றுதான் பயிற்சியின் சாரம். கட்டணத்தில் பெரும்பகுதியும் இதற்கே செலவாகிறது. சிறு குழுவுக்கு ஒரு பயிற்றுநரை முழுநேரமும் ஒதுக்க வேண்டும்; உண்மையான மாணவர்களைத் திரட்டி, குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ அவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும்; ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்தில் கருத்துரை தர வேண்டும்; வெளி மதிப்பீட்டாளருக்கும் பணம் கொடுக்க வேண்டும். பதிவு செய்த காணொளிகளும் தானாகத் திருத்தப்படும் வினாத்தாள்களும் மட்டும் கொண்ட படிப்புக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை. அது மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உடன் பயிற்சி பெறுகிறவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து நடத்தும் நுண்கற்பித்தல் இதற்கு ஈடாகாது. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்கற்பித்தல் முறைக்கு அதற்குரிய பயன் உண்டு. அறிவுறுத்தலைச் சுருக்கமாகச் சொல்வது, பலகையை ஒழுங்காகப் பயன்படுத்துவது போன்ற தனித்தனித் திறன்களைப் பழக அது உதவும். ஆனால், ஆங்கிலம் நன்கு தெரிந்தவர் தெரியாதவர்போல் நடிக்கும் வகுப்பில் உண்மையான குழப்பம் எழாது, எதிர்பாராத கேள்வி வராது, பாடத்தின் நடுவில் சலித்துப்போய் கைபேசியை எடுக்கும் மாணவர் இருக்க மாட்டார். ஒரு திட்டம் ‘பத்து மணி நேரச் செய்முறைப் பயிற்சி’ என்று சொன்னால், எதிரே அமர்ந்திருப்பது யார் என்று கேட்டுவிட வேண்டும்.

ஆறு மணி நேரம் என்பது மிகக் குறைவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எட்டு அல்லது ஒன்பது பாடங்களில் யாரும் முழுமையான ஆசிரியராகிவிடுவதில்லை. இந்தப் பயிற்சிகள் தருவது தனியாக ஒரு வகுப்புக்குள் நுழைந்து, பெரிய சேதமின்றி வெளியே வந்து, எது சரியாக நடக்கவில்லை என்று தானே கண்டறியும் திறனைத்தான். அந்தக் கடைசித் திறன் பிறர் கண்ணால் தன் வகுப்பைப் பார்க்கப் பழகியவருக்கே வாய்க்கும்.

நிலை, மணி நேரம், அங்கீகாரம்

விளம்பரங்களில் அடிக்கடி வரும் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது 120 மணி நேரம். நேரடிப் பயிற்சியில் அது பயிற்றுநர் உடனிருக்கும் நேரத்தைக் குறிக்கிறது. இணையத்தில் தனியாகப் படிக்கும் திட்டத்தில் அது, ஒருவர் பாடங்களைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்று நிறுவனம் மதிப்பிட்ட எண்ணாக இருக்கும். அதே பாடத்தை இருபது மணி நேரத்தில் முடித்தாலும் சான்றிதழில் 120 என்றே அச்சாகும்.

இரண்டாவது எண் நிலை சார்ந்தது. இங்கிலாந்தில் தகுதிகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஆஃப்குவால், செல்டாவையும் டிரினிட்டி சான்றிதழையும் ஐந்தாம் நிலையில் வைத்திருக்கிறது. இணையத்தில் மட்டுமே நடக்கும் சில படிப்புகளும் முறைப்படி அதே ஐந்தாம் நிலையைப் பெற்றிருக்கின்றன. ஆகவே, இவை சமம் என்ற விளம்பரம் பொய்யல்ல. ஆனாலும் அது முழு உண்மையைச் சொல்வதில்லை. நிலை என்பது பாடத்தின் கடினத்தன்மையைக் குறிக்கும் அளவுகோல். அந்தப் படிப்பில் மாணவர்கள் முன் கற்பிக்கும் பகுதி இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்வதில்லை.

வேலை தருவோர் இந்த வேறுபாட்டை நன்கு அறிவார்கள். பிரிட்டனிலுள்ள ஆங்கில மொழிப் பள்ளிகளை அங்கீகரிக்கும் பிரிட்டிஷ் கவுன்சில், தொடக்கத் தகுதி பெற்ற ஆசிரியர் என்று ஒருவரை ஏற்றுக்கொள்ள நிலையை மட்டும் பார்ப்பதில்லை. குறைந்தது 100 மணி நேரப் பாடமும், ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் மேற்பார்வையில் கற்பித்த பயிற்சியும் வேண்டும் என்கிறது. பெயர் அறியாத எந்தத் திட்டத்தையும் எடைபோட இந்த வரையறை நல்ல உரைகல். செல்டா என்றோ டிரினிட்டி என்றோ பெயர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பல்கலைக்கழகங்களும் மொழி மையங்களும் சொந்தமாக நடத்தும் பயிற்சிகளில் இந்த வரையறையைத் தாண்டிச் செல்பவை உண்டு. பெயர் புகழ்பெற்றதாக இல்லாவிட்டாலும், மாணவர்கள் முன் கற்பிக்கும் நேரம் கூடுதலாக உள்ள அத்தகைய திட்டத்தை, அது செல்லுபடியாகும் நாட்டில்தான் பணியாற்றப்போகிறோம் என்றால், தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

அங்கீகாரம் என்ற சொல்லை இன்னும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். இத்துறைக்கென உலகம் முழுவதற்குமான ஒற்றை அங்கீகார அமைப்பு கிடையாது. பயிற்சி தருபவர், சான்றிதழ் வழங்குபவர், இருவரையும் கண்காணிக்கும் பொது அமைப்பு என மூன்று தரப்புகள் தனித்தனியாக இருப்பதே ஆரோக்கியமான ஏற்பாடு. சில நிறுவனங்கள் கேட்பதற்குக் கம்பீரமான பெயருடைய ஓர் அங்கீகார அமைப்பின் முத்திரையைக் காட்டும். அந்த அமைப்பை யார் நடத்துகிறார்கள், அதை எந்த அரசு அல்லது பல்கலைக்கழகம் ஏற்றிருக்கிறது என்று தேடினால், பயிற்சி நிறுவனமும் அங்கீகார அமைப்பும் ஒரே கைகளில் இருப்பது சில வேளைகளில் தெரியவரும். ஆஃப்குவால் போன்ற ஒழுங்குமுறை அமைப்புகள் தாங்கள் ஏற்ற தகுதிகளின் பதிவேட்டைப் பொதுவில் வைத்திருக்கின்றன. சான்றிதழின் முழுப் பெயரையும் அந்தப் பதிவேட்டில் தேடிப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

யாருக்கு, எங்கே கற்பிக்கப் போகிறோம்

பயிற்சியின் தரம் ஒருபுறம் இருக்க, அது நம் பணிக்குப் பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி. நல்ல திட்டமாகவே இருந்தாலும் தவறான இடத்துக்கு நம்மைத் தயார்ப்படுத்தக்கூடும்.

செல்டா வயது வந்தோருக்குக் கற்பிப்பதை மையமாகக் கொண்டு வளர்ந்தது. ஆனால், வேலை வாய்ப்புகளில் பெரும்பகுதி குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் கற்பிப்பதில் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு இலக்கண விளக்கம் பயன்படாது. கவனம் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. பெற்றோரோடு பேசத் தெரிய வேண்டும். குழந்தைப் பாதுகாப்பு விதிகள் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளோடு பணியாற்றத் திட்டமிடுபவர், பயிற்சியில் அதற்கெனத் தனிப் பகுதி இருக்கிறதா, கற்பித்தல் பயிற்சியில் ஒரு சில வகுப்புகளாவது குழந்தைகளுக்கு நடத்தக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.

வகுப்பின் அளவு இன்னொரு முக்கியமான விஷயம், அதற்குரிய கவனத்தை அது பெறுவதில்லை. பயிற்சி மையங்களில் பொதுவாக எட்டு முதல் பதினைந்து மாணவர்கள் இருப்பார்கள், நாற்காலிகளை நகர்த்தலாம், இணை இணையாகவும் குழுக்களாகவும் பேசவிட்டு ஆசிரியர் சுற்றி வரலாம். ஐம்பது அறுபது பேர் நெருக்கி அமர்ந்திருக்கும் அரசுப் பள்ளி வகுப்பில் இதே நடைமுறையை அப்படியே பின்பற்ற முடியாது. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு முன்னின்று நடத்திய பெங்களூரு திட்டம் இவ்வகையில் நினைவுகூரத் தக்கது. செயல்பாடுகளின் வழியே மொழி கற்பிக்கும் முறையை உலகுக்கு எடுத்துக்காட்டிய அந்த முயற்சி, குழுவேலையை முதன்மைப்படுத்தவில்லை. ஆசிரியர் முழு வகுப்போடும் சேர்ந்து ஒரு சிக்கலைத் தீர்க்கும் வடிவத்தையே பெரிதும் நம்பியது. சிறு வகுப்பறைகளில் பிறந்த முறைதான் சரியான முறை என்று எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. சேர நினைக்கும் திட்டத்தின் பயிற்றுநர்களில் பெரிய வகுப்புகளை நடத்திய அனுபவமுள்ளவர் யாராவது இருக்கிறார்களா, மாணவர்களின் தாய்மொழியைப் பயன்படுத்துவதை அவர்கள் குற்றமாகப் பார்க்கிறார்களா அல்லது துணையாகக் கருதுகிறார்களா என்று கேட்டறிந்தால், அத்திட்டத்தின் பார்வை எவ்வளவு விரிந்தது என்பது புலப்படும்.

பணியிடத்தின் வகையும் தேவையான தகுதியைத் தீர்மானிக்கிறது. தனியார் மொழிப் பள்ளிக்குத் தொடக்க நிலைச் சான்றிதழ் போதுமானதாக இருக்கலாம். அரசுப் பள்ளிகளும், நல்ல ஊதியம் தரும் பன்னாட்டுப் பள்ளிகளும் அந்தந்த நாட்டின் ஆசிரியர் உரிமத்தையோ கல்வியியல் பட்டத்தையோ கேட்கும். நான்கு வாரச் சான்றிதழ் அதற்கு மாற்றாகாது. பல்கலைக்கழகத்தில் கற்பிக்க முதுகலைப் பட்டம் வேண்டும். முதுகலைத் திட்டங்களைப் பொறுத்தவரை, அவற்றுள் பல மொழியியல், பாடத்திட்ட வடிவமைப்பு, ஆய்வு முறைகள் ஆகியவற்றில் ஆழமாகச் சென்றாலும், கற்பித்தல் பயிற்சியை விருப்பப் பாடமாகவே வைத்திருக்கின்றன. சிலவற்றில் அதுவும் இல்லை. ஓரிரு ஆண்டு வகுப்பறையில் பணியாற்றிவிட்டு முதுகலைக்குச் செல்பவர், அங்கே படிக்கும் ஒவ்வொரு கோட்பாட்டையும் தான் சந்தித்த மாணவர்களோடு பொருத்திப் பார்க்க முடியும். நேரடியாகச் செல்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

ஏற்கெனவே பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு வேறு வழியும் உண்டு. கேம்பிரிட்ஜின் டீகேடி தேர்வு கற்பித்தல் பற்றிய அறிவை மட்டும் சோதிப்பது. அதில் கற்பித்தல் பயிற்சி கிடையாது. வகுப்பறை அனுபவம் கைவசம் இருப்பவருக்கு அது பயன்படும், இல்லாதவருக்கு அது போதாது.

இணையவழிப் பயிற்சி பற்றி நிலவும் ஐயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இணையவழி என்பதும் கற்பித்தல் பயிற்சி இல்லாதது என்பதும் ஒன்றல்ல. 2020இல் பெருந்தொற்று பரவியபோது செல்டா முழுவதையும் இணையத்திலேயே நடத்தும் முறை வந்தது. அதில் பயிற்சி பெறுகிறவர் திரை வழியாக உண்மையான மாணவர்களுக்குக் கற்பிக்கிறார், பயிற்றுநர் உடனிருந்து பார்க்கிறார். இணையத்தில் கற்பிக்கப் போகிறவருக்கு இது மிகப் பொருத்தம். நேரடி வகுப்புக்குச் செல்லப்போகிறவர் மட்டும், அறையில் எங்கே நிற்பது, பலகையை எப்படிப் பயன்படுத்துவது, இருபது பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலில் எந்த உரையாடலைக் கவனிப்பது போன்றவற்றைப் பின்னர் பணியிடத்தில்தான் பழக வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே சேர வேண்டும்.

கடவுச்சீட்டும் தாய்மொழியும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாம் இத்துறைக்குள் நுழையும்போது ஒரு கசப்பான உண்மையையும் எதிர்கொள்கிறோம். தகுதியைவிடக் கடவுச்சீட்டைப் பார்க்கும் வழக்கம் பல நாடுகளில் இன்னும் இருக்கிறது. சில இடங்களில் அது விசா விதியாகவே உள்ளது. தென் கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா, ஆங்கிலத்துக்குப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே கிடைக்கிறது. தொடக்க நிலைப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் இந்த வேலியைத் தாண்டவைக்காது. ஆகவே, ‘வேலை உறுதி’ என்று சொல்லும் பயிற்சி நிறுவனத்திடம், என் நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு எந்த நாடுகளில் வேலை கிடைத்திருக்கிறது என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். விசா தருவது அரசு, வேலை தருவது பள்ளி. இரண்டையும் பயிற்சி நிறுவனம் உறுதி செய்ய இயலாது.

நிலைமை மெல்ல மாறி வருவதும் உண்மை. தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்களைப் பாகுபடுத்துவதை எதிர்த்து டெஸால் சங்கம் 2006இல் முறையான அறிக்கை வெளியிட்டது. அதற்கான குரலைச் சங்கத்துக்குள் 1990களிலேயே எழுப்பியவர்களில் இலங்கையைச் சேர்ந்த ஜார்ஜ் பிரெய்னின் பங்கு முதன்மையானது. கொள்கையை விட்டுவிட்டு வகுப்பறையை மட்டும் பார்த்தாலும் நம் பக்கத்தில் வலுவான நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தைக் கற்றுத் தேறியவர் அதன் இலக்கணத்தை வெளிப்படையாக அறிந்தவர். எங்கே தடுக்கும், எதைக் கொண்டு கடக்கலாம் என்பதைத் தன் அனுபவத்திலிருந்தே சொல்லக் கூடியவர். காதுக்குச் சரியாகப் படுகிறது என்பதைத் தாண்டி விளக்கம் தரத் திணறும் தாய்மொழியாளர்கள் பயிற்சியின் முதல் வாரத்தில் இலக்கணப் புத்தகத்தைத் தேடி ஓடுவது பயிற்சி மையங்களில் அன்றாடக் காட்சி. ஒரு திட்டத்தின் பயிற்றுநர்களிடையே தாய்மொழியாளர் அல்லாதவர்களும் இருக்கிறார்களா என்று பார்ப்பது, அத்திட்டம் நம்மை எப்படி நடத்தும் என்பதற்கு ஓரளவு நம்பகமான அறிகுறி.

மொழித்திறனில் சமரசம் இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். செல்டா போன்ற திட்டங்கள் ஐரோப்பிய மொழித்திறன் சட்டகத்தின் ஆறு நிலைகளில் ஐந்தாவதான சி1 நிலையையோ அதற்கு மேலோ எதிர்பார்க்கின்றன. அந்த நிலையை எட்டாதவர், பயிற்சிக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் தம் ஆங்கிலத்தை உயர்த்திக்கொள்ளச் செலவிடுவது நல்லது. பயிற்சியின் நெருக்கடியில் மொழியையும் கற்பித்தலையும் ஒருசேரச் சுமப்பது மிகக் கடினம்.

சேர்வதற்கு முன்

விண்ணப்பித்தவரை எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதே ஒரு திட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். செல்டாவில் சேர, இலக்கணமும் மொழி உணர்வும் சார்ந்த வினாக்களுக்கு எழுத்தில் விடையளித்து, பிறகு நேர்காணலிலும் தேற வேண்டும். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பவும் செய்வார்கள். பணம் கட்டிய அடுத்த நிமிடமே பாடம் திறந்துவிடும் திட்டத்தில் அந்த வடிகட்டல் இல்லை. தோல்வியடைய வழியே இல்லாத படிப்பின் சான்றிதழை வேலை தருபவரும் அந்த அளவில்தான் மதிப்பார்.

தேர்ச்சி பெறாவிட்டால் என்ன நடக்கும், எழுத்துப் பணியை மறுபடி எழுத வாய்ப்பு உண்டா, இடையில் நின்றால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பணிக்குச் செல்பவர், சான்றிதழ் அச்சில் கிடைக்குமா, அதற்கு நோட்டரி சான்றும், ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரையும் பெற முடியுமா என்றும் விசாரிக்க வேண்டும். மின்னணுக் கோப்பாக மட்டும் தரப்படும் சான்றிதழ் விசா அலுவலகத்தில் தடையாகக்கூடும்.

முழுநேரமா பகுதிநேரமா என்ற கேள்விக்குத் தனிப்பட்ட சூழ்நிலையே விடை. நான்கைந்து வார முழுநேரப் பயிற்சியில் பகலில் வகுப்பு, மாலையில் பாடத் திட்டம், இரவில் எழுத்துப் பணி என்று நாள் முழுவதும் போய்விடும். வேறு வேலையோ குடும்பப் பொறுப்போ அதனோடு ஒத்துப்போகாது. பல மாதங்களுக்கு நீளும் பகுதிநேரப் பயிற்சியில் ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையே சிந்திக்க நேரம் கிடைக்கிறது. ஊதியத்தை இழக்க முடியாதவர்களுக்கும், புதியதை நிதானமாக உள்வாங்குகிறவர்களுக்கும் பகுதிநேரமே ஏற்றது என்பது என் எண்ணம். விரைவாகத் துறை மாற வேண்டியவர்களுக்கு முழுநேரப் பயிற்சி பொருந்தும்.

மேல்நிலைத் தகுதிகளைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜின் டெல்ட்டாவும் டிரினிட்டியின் டிப் டெஸாலும் ஏழாம் நிலையில், முதுகலைக்கு இணையான கடினத்தன்மையோடு அமைந்தவை. அனுபவமுள்ள ஆசிரியர்களுக்காக வகுக்கப்பட்டவை. முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது வேலை தருபவரிடமும் பயிற்சி மையத்திடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்கலாம்: முதல் ஆண்டில் என் வகுப்பை மூத்த ஆசிரியர் யாராவது வந்து பார்ப்பாரா, நான் மற்றவர்களின் வகுப்பைப் பார்க்க நேரம் ஒதுக்குவீர்களா? ஊதியம் சற்றுக் குறைவாக இருந்தாலும் ஆம் என்று சொல்லும் பள்ளியில் சேர்பவர், ஆறு மணி நேரத்தில் தொடங்கிய பயிற்சியை அங்கே தொடர்ந்து பெறுகிறார்.